பசுவய்யா எழுதிய நாவல்கள்

சுந்தர ராமசாமியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாவலில் தொடங்குவார்கள். பிறகு சிறுகதை, கட்டுரை, விமர்சனம், காலச்சுவடு என்று போவார்கள். கடைசிப் பத்தியில் ‘பசுவய்யா என்ற பெயரில் கவிதைகளும் எழுதினார்’ என்று ஒரு வரி வரும். இந்த வரிசை எனக்கு நெடுங்காலமாக உறுத்தலாக இருக்கிறது. உரைநடைக்கு ஒரு பெயர், கவிதைக்கு இன்னொரு பெயர் என்று அவரே பிரித்து வைத்ததால், வாசகர்களும் விமர்சகர்களும் அவரை இரண்டு அலமாரிகளில் தனித்தனியாக அடுக்கிவிட்டார்கள். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வந்தபோது தமிழ் நாவலின் போக்கே மாறியது என்று சொல்கிறவர்கள்கூட, அந்த நாவலின் குரல் அதற்கு முன் எங்கே பழகி வந்தது என்று கேட்பதில்லை. பசுவய்யாவின் கவிதைகளில்தான் பழகி வந்தது என்பது என் முடிவு. அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் சொல்லக்கூடியவற்றை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

1931 மே 30ஆம் தேதி, நாகர்கோவிலை ஒட்டிய தழுவிய மகாதேவர் கோவில் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். சிறுவயது கோட்டயத்தில் கழிந்தது. பள்ளியில் படித்தவை மலையாளமும் சமஸ்கிருதமும். வீட்டில் பேசியது தமிழ் என்றாலும், தமிழில் எழுதப் படிக்கத் தெரியாது. பத்து வயதை ஒட்டி மூட்டுவாத நோய் தாக்கிப் படுக்கையில் கிடந்தார். படிப்பு அறுந்து அறுந்துதான் நடந்தது. தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டது பதினெட்டு வயது வாக்கில். இந்தத் தாமதத்தை அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வியப்புச் செய்தியாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அது அவர் நடையின் வேர் என்றே படுகிறது. பள்ளிக்கூடத் தமிழ் ஊட்டும் அடுக்குமொழியும் மேடைத் தமிழின் ஓசையும் அவர் காதில் சிறுவயதில் ஏறவே இல்லை. வாலிபத்தில் வந்து சேர்ந்த மொழி ஆதலால் ஒவ்வொரு வாக்கியத்தையும் கையில் எடுத்து எடை பார்க்கிற பழக்கம் கடைசிவரை போகவில்லை. அவருடைய சாதாரணக் கடிதத்தில்கூட இதைப் பார்க்க முடியும்.

அவர் தமிழைக் கற்றதும் புதுமைப்பித்தனை வாசித்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை. இலக்கிய ஆர்வத்தின் முதல் ஊற்று அம்மா. மணிக்கொடி எழுத்தாளர்களின் பெயர்கள் வீட்டுக்குள் வந்தது அவர் வழியாகத்தான். 1948இல் புதுமைப்பித்தன் மறைந்தார். மூன்று ஆண்டுகளில், தமிழ் எழுதக் கற்று அதிக காலம் ஆகாத இருபது வயது இளைஞர், நாகர்கோவிலில் இருந்துகொண்டு ‘புதுமைப்பித்தன் நினைவு மலர்’ ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய முதல் கதை ‘முதலும் முடிவும்’ அந்த மலரில்தான் வெளிவந்தது. அதே காலத்தில் மலையாள எழுத்தாளர் தகழியின் ‘தோட்டியின் மக’னைத் தமிழில் மொழிபெயர்த்தார். பின்னால் ‘செம்மீ’னையும் மொழிபெயர்த்தார். மலையாளம் வாசித்து வளர்ந்த கண், தமிழில் இல்லாதது எது என்று முதலிலேயே கண்டுகொண்டது. இல்லாததைப் பற்றிய அந்த ஆதங்கம் அவருடைய எழுத்தில் ஐம்பது ஆண்டுகள் ஓயவில்லை.

ஆரம்பக் கதைகள் முற்போக்கு முகாமின் பத்திரிகைகளில் வந்தன. தொ.மு.சி. ரகுநாதன் நடத்திய ‘சாந்தி’, விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’ இரண்டும் அவருக்கு நாற்றங்கால். பூதப்பாண்டிக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா அவரைக் கவர்ந்திழுத்த ஆளுமை. 1963இல் ஜீவா மறைந்ததும் எழுதிய ‘காற்றில் கலந்த பேரோசை’ தமிழில் எழுதப்பட்ட அஞ்சலிக் கட்டுரைகளில் தலையாயது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை எழுதுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் கட்சியின் நம்பிக்கை வட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். 1956இல் குருசேவ் ஸ்டாலினைப் பற்றிச் சொன்னவையும், அதே ஆண்டு ஹங்கேரியில் நடந்தவையும் உலகெங்கும் பல இளைஞர்களை உலுக்கியதுபோல அவரையும் உலுக்கின. மலையாளச் சிந்தனையாளர் எம். கோவிந்தனும், நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் எழுத்தும் அந்த வெற்றிடத்தில் வந்து நின்றன. கொள்கையை விட்டு வெளியே வந்த பிறகும் மனிதன்மேல் இருந்த பாசத்தை விடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்ற கேள்வி அப்போது தொடங்குகிறது. ஜீவா கட்டுரை அந்தக் கேள்விக்கு அவர் கண்ட முதல் விடை.

1959ஆம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு ‘அக்கரைச் சீமையில்’ வந்தது. பின்னால் ‘ஒரு புளியமரத்தின் கதை’யாக விரியப்போகும் நாவலின் தொடக்கப் பகுதிகள் ‘சரஸ்வதி’யில் வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையில் பசுவய்யா என்ற பெயரில் ‘உன் கை நகம்’ கவிதை வெளியானது. சிறுகதை, நாவல், கவிதை மூன்றும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. கவிதை என்பது நாவலாசிரியரின் ஓய்வுநேர வேலை என்ற எண்ணம் இந்த ஒரு செய்தியிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

அன்று ‘சரஸ்வதி’யும் ‘எழுத்’தும் இரண்டு வேறு உலகங்கள். ஒன்றில் சமுதாயம் பேசப்பட்டது, மற்றதில் வடிவம் பேசப்பட்டது. புதுக்கவிதையை முற்போக்கு முகாமில் பலர் நோயாகவே பார்த்தார்கள். மரபு தெரிந்தவர்கள் கேலி செய்தார்கள். இரண்டு உலகத்திலும் காலூன்றி நின்றவர் இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. முதல் கவிதையின் பொருளையும் கவனிக்கலாம். நகத்தில் அழுக்குச் சேரும், வெட்டி எறி என்று எதிரே இருப்பவரிடம் சொல்கிற கவிதை அது. அதை அடுத்து எழுதிய ‘கதவைத் திற’ என்ற கவிதையும் எதிரே ஒருவரை நிறுத்தி வைத்துப் பேசுவதுதான். நிலா இல்லை, காதல் இல்லை, இயற்கை வர்ணனை இல்லை. அன்றாடப் பொருள் ஒன்று, அதைக் காட்டி ஒரு கட்டளை, கட்டளைக்குள் ஒரு சமூகத்தின்மேல் விழும் குற்றச்சாட்டு. பசுவய்யா பிறந்த அன்றே விமர்சகராகத்தான் பிறந்தார். இந்தக் குரல் அப்போது அவருடைய கதைகளில் இல்லை. ‘பிரசாதம்’ போன்ற கதைகளில் பேசுகிறவர் மனிதர்களின் சின்னச் சூதுகளையும் சின்னப் பெருந்தன்மைகளையும் நெருங்கி நின்று ரசிக்கிற ஒருவர். அவருக்கு யாரிடமும் கோபம் இல்லை.

1966இல் நூலாக வந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’யும் இந்த ரசிகரின் குரலில்தான் நடக்கிறது. ஒரு காலத்தில் குளத்துக்கு நடுவே நின்ற மரம், குளம் தூர்க்கப்பட்டு, சுற்றிலும் சாலை வந்து, கடைகள் வந்து, முச்சந்தியின் நடுவில் நிற்கிறது. ஊருக்கு அது அடையாளம். தாமோதர ஆசான் என்ற கிழவர் இளவட்டங்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு மரத்தின் பழங்கதைகளைச் சொல்கிறார். ஆசானின் பேச்சு இருக்கிறதே, அதில் உண்மை எது, சரடு எது என்று யாராலும் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தோன்றுவதும் இல்லை. பிறகு ஆசான் மறைந்துபோகிறார். சுதந்திரம் வருகிறது, காற்றாடி மரத் தோப்பு வெட்டப்பட்டுப் பூங்காவாகிறது, வியாபாரப் போட்டி தேர்தல் போட்டியாக மாறுகிறது, பத்திரிகைக்காரன் ஒருவன் அதில் எண்ணெய் ஊற்றுகிறான். யாரோடும் சண்டைக்குப் போகாத மரம் நஞ்சு வைத்துக் கொல்லப்படுகிறது. மரத்தின் பெயரால் நடக்கும் தகராறில் மரத்தைப் பற்றி அக்கறை உள்ளவர்கள் ஒருவரும் இல்லை என்பதை ஆசிரியர் எங்குமே வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுதான் அந்த நாவலின் பெரிய வெற்றி. சூழலியல் என்ற பேச்சு தமிழில் அடிபடுவதற்கு வெகு முன்பே எழுதப்பட்டது என்பதால் இன்று அதைச் சூழலியல் நாவலாகவும் வாசிக்கிறார்கள். வாசிக்கலாம். எனக்கு அது 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஒரு எல்லையோர நகரம் தன் நினைவை எப்படித் தொலைத்தது என்பதன் வரலாறாகவே படுகிறது.

இந்த வெற்றிக்குப் பிறகு எந்த எழுத்தாளரும் அதே வழியில் இரண்டாவது, மூன்றாவது நாவல் எழுதியிருப்பார். வாசகர்கள் காத்திருந்தார்கள். வட்டார மொழி கைவசம் இருந்தது. அங்கதம் கைவசம் இருந்தது. நாகர்கோவிலில் தன் துணிக்கடையில் உட்கார்ந்தபடியே தினமும் நூறு மனிதர்களைப் பார்க்கிற வாய்ப்பும் இருந்தது. அவர் எழுதுவதை நிறுத்தினார். அறுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கி எழுபதுகளின் ஆரம்பம் வரை அவரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. இந்த மௌனத்துக்குக் காரணங்களாகப் பலவற்றைச் சொல்வார்கள். எழுத்தில் வந்து விழுகிற சரளத்தின்மேல் அவருக்கே அவநம்பிக்கை வந்துவிட்டது என்பதுதான் அவருடைய பிற்கால எழுத்தை வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பொருந்தி வருகிறது. ரசிக்கத் தெரிந்த கண் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறது. தமிழ்ச் சூழலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

மௌனம் கலைந்து வந்த முதல் நூல்களில் ஒன்று கவிதைத் தொகுப்பு: 1975இல் வெளியான ‘நடுநிசி நாய்கள்’. இதுதான் என் வாதத்தின் மையம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்தத் தொகுப்பின் கவிதைகளில் முன்பு இருந்த ‘நீ’ மட்டும் இல்லை. ‘நான்’ வந்து சேர்ந்திருக்கிறது. அந்த ‘நான்’ களைத்துப்போனவன், தோற்றவன், ஆனால் ஒப்புக்கொள்ள மறுப்பவன். ‘சவால்’ என்ற கவிதையின் தலைப்பே அதைச் சொல்லிவிடும். வாக்கியங்கள் குட்டையானவை. உவமை வந்தால் விளக்கம் வராது. ஒரு வரி எழும்பியதும் அடுத்த வரி அதைச் சந்தேகிக்கும். படிமங்களை அடுக்கி மயக்குகிற வேலை அறவே இல்லை. எழுபதுகளில் தமிழ்க் கவிதையில் படிம மயக்கம் உச்சத்தில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிக்கனம் எவ்வளவு பிடிவாதமானது என்று புரியும். சிந்தனையை வாக்கியத்தின் தாளத்துக்குள்ளேயே வைத்து நகர்த்துவது, வேகமாக ஒரு உண்மையைச் சொல்லி அதே வேகத்தில் அதன் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டுவது, கோபத்தையும் பரிவையும் ஒரே மூச்சில் பிடித்து நிறுத்துவது இவையெல்லாம் அவருக்குக் கைவந்தது இங்கேதான்.

இந்தப் பயிற்சி முதலில் சிறுகதையில் தெரிகிறது. 1976இல் வந்த ‘பல்லக்குத் தூக்கிகள்’ தொகுப்பின் கதைகளைப் ‘பிரசாதம்’ தொகுப்பின் கதைகளோடு வைத்துப் பார்த்தால் ஒரே ஆள் எழுதியவை என்று நம்புவது கடினம். அக்காலக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ரத்னாபாயின் ஆங்கிலம்’. ரத்னாபாய் ஆசிரியை. ஆங்கிலத்தில் அழகாக எழுதத் தெரிந்தவள். டெல்லியில் இருக்கும் தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள். தான் வாங்காத ஒரு பட்டுப் புடவையைப் பற்றி, வாங்கியதாகவே எழுதுகிறாள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. வாக்கியம் அவ்வளவு அழகாக வந்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த வாக்கியத்தின் அழகுக்கு ஈடுகொடுக்க வாழ்க்கை பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. வீட்டுச் செலவுக்கே தடுமாறுகிற குடும்பம் அந்தப் புடவையின் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மொழியின் மினுக்கத்தால் ஒருத்தி தன் வாழ்க்கையைவிட்டு எவ்வளவு தூரம் விலகிவிடுகிறாள் என்பதைச் சிரிப்பும் வலியுமாகச் சொல்லும் கதை. மௌன ஆண்டுகளில் சரளத்தைக் கண்டு பயந்த ஒருவரால்தான் இதை எழுதியிருக்க முடியும். ரத்னாபாயை அவர் தண்டிப்பதில்லை, அவளைப் பார்த்து இளப்பமாகச் சிரிப்பதும் இல்லை. அவளுக்குள் இருக்கும் எழுத்தாளரை அவருக்கு நன்றாகத் தெரியும்.

1981இல் க்ரியா வெளியிட்ட ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைத் தொகுத்தால் நாவலைவிடப் பல மடங்கு பெரிய புத்தகமாகும். ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர், கால்பந்து வீரர், இளம் வயதில் இறந்துபோனவர். இறந்த நாள் 1960 ஜனவரி 5. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். தமிழ் எழுத்தாளனான பாலு அவரைத் தேடிப்போய், அறிந்தவர்களிடம் கேட்டு, நினைவுகளைத் தொகுக்கிறான். இரண்டாம் பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். கதை என்று சொல்ல அதிகம் இல்லை. ஜே.ஜே. உண்மையில் வாழ்ந்த எழுத்தாளர் என்றே நம்பிய வாசகர்கள் இருந்தார்கள். சி.ஜே. தாமஸின் சாயல் ஜே.ஜே.யில் உண்டு என்று சொல்வார்கள். அவரும் 1960இல்தான் மறைந்தார். அந்த ஒப்புமை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நாவல் தன் காலில் நிற்கும்.

நாவலின் உரைநடையை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். நீண்ட வாக்கியம் வந்து ஒரு சின்ன வாக்கியத்தில் மோதி நிற்கும். மோதிய இடத்தில் ஒரு எண்ணம் பற்றிக்கொள்ளும். அந்தச் சின்ன வாக்கியங்களைத் தனியே எடுத்து வரிபிரித்து எழுதினால் ‘நடுநிசி நாய்கள்’ தொகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். நாட்குறிப்புப் பகுதிகளில் இது இன்னும் வெளிப்படை. அங்கே பேசும் ஜே.ஜே. களைத்தவன், உண்மைமேல் வெறிகொண்டவன், தன்னையே முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவன். பசுவய்யாவின் ‘நான்’ இவனேதான். பாலுவின் பகுதியிலோ புளியமரத்து ரசிகரின் சிரிப்பு திரும்பி வருகிறது. தமிழ் எழுத்துலகின் பாவனைகளைப் பற்றி எழுதும் இடங்களில் அந்தச் சிரிப்பு கத்தியைப் போலக் கூர்மையாகியிருக்கிறது. ஆகவே நாவலின் கட்டமைப்பே இரண்டு பெயர்களும் ஒரே அறைக்குள் வந்து எதிரெதிரே உட்கார்ந்த ஏற்பாடு: பாலு உரைநடைக்காரர், ஜே.ஜே. கவிஞர். பாலு தேடுகிறான், ஜே.ஜே. கிடைப்பதில்லை.

மலையாளத்தில் ‘ஒரு புளியமரத்தின் கதை’யையும் ‘ஜே.ஜே.’யையும் மொழிபெயர்த்தவர் கவிஞரான ஆற்றூர் ரவிவர்மா. நாவலாசிரியர்கள் நிறைந்த மலையாளத்தில் ஒரு கவிஞர் இந்த வேலையைத் தலைமேல் ஏற்றுக்கொண்டதற்கு அந்த உரைநடையின் இயல்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்புகளும் இருந்தன. நாவலில் வாழ்க்கை இல்லை, கருத்துகள் மட்டுமே உலவுகின்றன என்றார்கள். தனிமனிதனின் அறிவுத் தவிப்பைப் போற்றிச் சமூகத்தைக் கைவிட்டுவிட்டது என்று இடதுசாரிகள் சொன்னார்கள். கட்சி எழுத்தாளரான முல்லைக்கல் மாதவன் நாயரின் சித்திரம் அவர்களைப் புண்படுத்தியது. தமிழ்நாட்டில் ஓர் ஆளுமை கிடைக்காமல் கேரளத்தில் போய் நாயகனைத் தேட வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. முதல் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நாவலின் பெண்கள் நிழலாகத்தான் வந்துபோகிறார்கள். வேலை செய்து பிழைக்கும் மனிதர்களின் உலகம் ஓரத்தில்தான் தெரிகிறது. கவிதையில் ஒரு குரல் போதும், நாவலுக்குப் போதாது. கவிதையின் பலத்தால் எழுந்த நாவல் கவிதையின் குறைபாட்டையும் தன்னோடு கொண்டுவந்துவிட்டது. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சுலபம். மலையாள எழுத்தில் வளர்ந்து தமிழுக்கு வந்தவர் தமிழில் இல்லாததைக் காட்ட வேறு எங்கே போவார்?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவர் விமர்சகராகவும் பத்திரிகையாசிரியராகவும் அதிகம் அறியப்பட்டார். அகிலனுக்கு ஞானபீடம் கிடைத்தபோது எழுபதுகளில் அவர் எழுதிய கடுமையான கட்டுரையை இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1988இல் காலச்சுவடைத் தொடங்கினார். சில இதழ்களுக்குப் பின் நின்ற பத்திரிகை 1994 முதல் அவர் மகன் பொறுப்பில் மீண்டும் வந்தது. ‘காகங்கள்’ என்ற பெயரில் வீட்டில் இலக்கியக் கூட்டங்கள் நடந்தன. இளம் எழுத்தாளர்கள் வந்து தங்கினார்கள், சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்கள், பிரிந்த பிறகும் அவரைப் பற்றியே எழுதினார்கள். இவற்றை விரிவாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நான் நின்று பார்க்க விரும்புவது இக்காலத்தில் எழுதிய ‘விகாசம்’ என்ற கதையை. துணிக்கடையில் கண் தெரியாத ராவுத்தர் ஒருவர். பில் போடுகிறவர்கள் விலையையும் மீட்டர் கணக்கையும் வாசிக்க வாசிக்க, மனக்கணக்காகவே தொகையைச் சொல்லிவிடுவார். அவர் இல்லாமல் பண்டிகை வியாபாரம் நடக்காது. ஒருநாள் கடைக்குக் கால்குலேட்டர் வருகிறது. ராவுத்தரின் கதை முடிந்தது என்று வாசகன் நினைக்கிற இடத்தில் அவர் வேறொன்றாக முளைக்கிறார். எந்தச் சரக்கு தீர்ந்தது, எந்தத் தேதியில் யாருக்குப் பணம் கட்ட வேண்டும், போன வருஷம் என்ன நடந்தது என்பதெல்லாம் அவர் மூளையில் இருக்கிறது. கடையே அவர் ஞாபகத்தில் ஓடத் தொடங்குகிறது. இது சுந்தர ராமசாமி தன் கடையில் தினமும் பார்த்த உலகம். ‘ஜே.ஜே.’யில் ஓரத்துக்குப் போன உழைக்கும் மனிதன் இங்கே நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். கவிதையில் கற்ற சிக்கனம் அப்படியே இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் அவசரம் தணிந்திருக்கிறது. அவருடைய மொத்தக் கதைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

1998இல் வந்த மூன்றாவது நாவல் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ இந்த மாற்றத்தின் விளைச்சல். 1930களின் கடைசி ஆண்டுகளின் கோட்டயம். பாலு என்ற பெயர் திரும்ப வருகிறது. இப்போது அவன் நோயாளிச் சிறுவன். அதட்டும் அப்பா, உடல் நலிந்த அம்மா, வேலைக்காரர்கள், உறவினர்கள், வந்துபோகும் நண்பர்கள், வாசலில் நிற்கும் சுதந்திரப் போராட்டம். தலைப்பில் ஆண்கள் கடைசியில் வருகிறார்கள். நாவலிலும் அந்த வரிசை காப்பாற்றப்படுகிறது. ‘ஜே.ஜே.’யை மனப்பாடமாக வைத்திருந்த வாசகர்கள் இந்தப் பெரிய, நிதானமான குடும்ப நாவலைக் கண்டு ஏமாந்தார்கள். பொறி பறக்கும் வாக்கியங்களைத் தேடிக் கிடைக்காமல் புத்தகத்தை மூடியவர்களும் உண்டு. என் வாதத்துக்கு இந்த நாவல் பெரிய சோதனை. இதில் பசுவய்யா எங்கே? குரலில் இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். படுக்கையில் கிடக்கும் சிறுவனின் காதுக்கு எட்டும் சத்தங்களிலும், பெரியவர்கள் பேச்சை நிறுத்தும் இடங்களை அவன் கவனிப்பதிலும் மட்டும் கவிஞரின் கை தெரிகிறது. மற்றபடி, கவிதையால் எழுப்பிய உரைநடையிலிருந்து கவிதையையே இறக்கி வைத்துவிட்டு எழுதிய நாவல் இது. ஐம்பது ஆண்டு எழுத்துக்குப் பின் அதைச் செய்யும் துணிச்சல் சிலருக்கே வரும். தமிழ் விமர்சனம் இந்த நாவலுக்குத் தரவேண்டிய கவனத்தை இன்னும் தரவில்லை.

கவிதைகளுக்கே திரும்புவோம். 1987இல் ‘யாரோ ஒருவனுக்காக’. 1996இல் ‘107 கவிதைகள்’. ஏறக்குறைய நாற்பது ஆண்டு கவிதை வாழ்க்கையின் மொத்த விளைச்சல் அந்தத் தலைப்பில் இருக்கிற எண்தான். பசுவய்யா, புதுக்கவிதை முன்னோடி ந. பிச்சமூர்த்தியின் உயரத்தில் நிற்கும் கவிஞரா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில். பிச்சமூர்த்தியைப் பற்றித் தனி நூலே எழுதிய அவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்கும். ‘எழுத்’திலேயே அறிமுகமான பிரமிளின் பிரபஞ்ச வீச்சும் இவரிடம் கிடையாது. பிரமிள் இவரைக் கடுமையாகத் தாக்கி எழுதியதை நாம் அறிவோம். பசுவய்யாவின் பல கவிதைகள் சிந்தனைக் குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. ஆனால் நல்ல கவிதைகளில் வேறு எவரிடமும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. ‘வித்தியாசமான மியாவ்’ என்ற கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன ஒரு பூனையைப் பற்றியது. எல்லாப் பூனைகளும் கத்துவதுபோலக் கத்தாமல் வேறு மாதிரி ஒரு ‘மியாவ்’ சொல்லிப் பார்க்க அது முயன்றதைச் சொல்கிறது. சின்னக் கவிதை, சிரிப்பு வரவழைக்கும் தலைப்பு. படித்து முடித்த பிறகு ஜே.ஜே.யின் முழு வாழ்க்கையும் அந்தப் பூனைக்குள் இருப்பது தெரியவரும். நாவலுக்கு எழுதப்பட்ட எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக அதைச் சொன்னதில்லை.

கடைசி ஆண்டின் சர்ச்சையைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை முடிப்பது சரியல்ல. 2005இல் வெளியான ‘பிள்ளை கெடுத்தாள் விளை’ என்ற கதை தலித் பெண்ணை இழிவுபடுத்துகிறது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. கதையை ஆதரித்தவர்கள், ஊரின் வாயிலிருந்து வருகிற வதந்தியை ஆசிரியரின் கருத்தாக எடுக்கக்கூடாது என்றார்கள். தாமோதர ஆசானின் வாயிலிருந்து கதை சொன்ன அதே உத்திதான் இதுவும். ஆனால் 1966இல் ஊரின் வாய் என்று ஒன்றைப் பொதுவாக வைத்துவிட முடிந்தது. தொண்ணூறுகளில் தலித் எழுத்து வந்து, அந்த ஊர் யாருடையது, வாய் யாருடையது என்று கேட்டுவிட்ட பிறகு அதே உத்தி அதே நம்பிக்கையைப் பெறாது. எதிர்ப்பவர்களின் மனக்காயம் நியாயமானது. அதைக் காது கொடுத்துக் கேட்காமல் கதையின் நுட்பத்தை மட்டும் எடுத்துச் சொன்னவர்கள் தவறினார்கள் என்றே கருதுகிறேன்.

அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் அவர் காலமானார். வயது 74. சாகித்திய அகாதமி பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை. கவிதைக்காகக் குமாரன் ஆசான் நினைவுப் பரிசும், 2001இல் கனடாவின் இயல் விருதும் கிடைத்தன. ‘ஒரு புளியமரத்தின் கதை’ ஆங்கிலத்துக்கும் ஹீப்ருவுக்கும் போயிருக்கிறது. மற்ற இரு நாவல்களும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. கவிதைகளுக்கு அந்த அளவு பயணம் வாய்க்கவில்லை. இறந்த செய்தி வந்த நாட்களில், தன் மரணச் செய்தி எட்டும்போது பதற வேண்டாம் என்று நண்பனுக்குச் சொல்லும் அவருடைய கவிதையைத்தான் பலர் எடுத்துப் போட்டார்கள். நாவல்களைப் பற்றி அவ்வளவு பேசியவர்களுக்கு அந்த வேளையில் கைக்கு வந்தது பசுவய்யாவின் வரிகள்.

இப்போது சுந்தர ராமசாமியை முதன்முதலாகப் படிக்க விரும்புகிற இளம் வாசகர்களுக்கு எல்லோரும் ‘ஜே.ஜே.’யைக் கொடுக்கிறார்கள். அதில் பாதிப் பேர் முப்பது பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள் அல்லது அதன் வாக்கியங்களை மேற்கோள்களாகப் பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ‘ரத்னாபாயின் ஆங்கிலம்’, ‘விகாசம்’ இரண்டையும் முதலில் கொடுக்கலாம். அடுத்து ‘நடுநிசி நாய்கள்’ காலத்துக் கவிதைகளை வெளியான வரிசையில், ஒரே அமர்வில் படிக்கச் சொல்லலாம். ஒரு மாலை போதும். அதன் பிறகு ‘ஜே.ஜே.’யின் நாட்குறிப்புப் பகுதியைத் திறந்தால் பேசுகிறவர் யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.